எஞ்சின் பிளேடு: மலையில் எதைக் கற்றுத்தரலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான எஞ்சின்களுக்கான எடை குறைந்த உலோகம் பற்றித் தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். மலை மாவட்டப் பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்குள் வரவேண்டும் என்ற அதன் அக்கறையில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அதிலுள்ள மூன்று செய்திகளைத் திருத்தாமல் விட்டால், நாளை ஏதாவது ஒரு ஐடிஐ-க்கு இயந்திரம் வாங்கும்போது பணம் தவறான இடத்துக்குப் போய்விடும். எஞ்சினுக்குள் வட்டின் விளிம்பில் வரிசையாகப் பொருத்திச் சுழலும் இறகு போன்ற பிளேடு "டைட்டானியத்தால்" ஆனது என்கிறது கட்டுரை. எஞ்சினின் மிகச் சூடான இடத்தில் அது சுழல்வதாகச் சொல்கிறது. உலோக 3டி பிரிண்டர் ஒன்று இருந்தால் குன்னூரிலேயே அதைச் செய்துவிடலாம் என்றும் முடிக்கிறது. கடைசித் தவறு முதல் தவறிலிருந்து பிறந்தது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கட்டுரை குறிப்பிடும் பொருள் டைட்டானியம் அலுமினைடு. டைட்டானிய அணுவும் அலுமினிய அணுவும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்து, படிகத்துக்குள் தனக்கென்று குறித்த இடத்தில் ஒவ்வொன்றும் உட்கார்ந்துவிடும் சேர்மம் அது. பித்தளையில் செம்புக்குள் துத்தநாகம் கண்ட இடத்தில் கரைந்து கிடக்குமே, அப்படிப்பட்ட கலவை இல்லை. அணிவகுப்பு இவ்வளவு இறுக்கமாக இருப்பதால்தான் 700, 750 டிகிரி செல்சியஸிலும் அது தளராமல் நிற்கிறது. அறை வெப்பத்தில் வளைய மறுத்துப் பட்டென்று உடைவதற்கும் அதே இறுக்கம்தான் காரணம். சாதாரண டைட்டானியக் கலவையின் குணம் வேறு. அது நன்றாக வளையும், அடித்து உருவாக்கலாம். ஆனால் அவற்றில் மிகச் சிறந்ததுகூட 600 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜனை உள்வாங்கி மேல்தோல் நொறுங்கத் தொடங்கும், சுமையில் மெல்ல நீளும். அதனால் அதன் இடம் எஞ்சினின் முன்பக்கம், விசிறியிலும், காற்றை அழுத்தும் கம்ப்ரஸரிலும்.

அதிகம் புழங்கும் அலுமினைடைத் தொழிலில் 48-2-2 என்பார்கள். நூறு அணுவில் 48 அலுமினியம், 2 குரோமியம், 2 நயோபியம், மீதி டைட்டானியம். எடைக்கு மாற்றினால் 100 கிலோ உருகிய உலோகத்துக்கு டைட்டானியம் 59.2 கிலோ, அலுமினியம் 33.3, நயோபியம் 4.8, குரோமியம் 2.7. இதில் அலுமினியம் 48-லிருந்து 47-க்கு இறங்கி, அந்த இடத்தை டைட்டானியம் நிரப்ப, ஏறத்தாழ 870 கிராம் குறைந்தால் போதும். அந்தச் சிறு குறைவிலேயே உள்ளமைப்பு மாறிவிடும். காமா எனப்படும் படிக வகை குறைந்து, ஆல்பா-2 எனப்படும் இன்னொரு படிக வகையின் பட்டைகள் கூடும். வலு ஏறும், ஏற்கெனவே கொஞ்சமாக இருக்கும் நீட்சி (உடைவதற்கு முன் நீளும் அளவு) இன்னும் சுருங்கும். போதாததற்கு, வெற்றிடத்தில் உருக்கும்போது முதலில் ஆவியாகி ஓடுவதும் இந்த அலுமினியமே. இலையை வாடவைக்கும் பதம் சற்றுப் பிசகினால் அதை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலரில் இலை என்ன ஆகும் என்று தெரிந்த தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இதன் தலைவலி உடனே புரியும்.

இத்தனை தொல்லை கொடுக்கும் பொருளை ஏன் தேடிப் போகிறார்கள்? எடைக்காக. சூடான பிளேடுகளுக்கு வழக்கமாகப் பயன்படும் நிக்கல் சூப்பர் அலாய் கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8 கிராமுக்கு மேல். இதற்கு 4 கிராம். ஒரு சிறு கணக்கு: 400 கிராம் நிக்கல் பிளேடு, அச்சிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், நிமிடத்துக்கு 3,000 சுற்று. அது, பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் வட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் விசை ஏறத்தாழ 2 டன். அதே உருவத்தை அலுமினைடில் செய்தால் எடை 195 கிராம், இழுப்பு 1 டன். வட்டில் இப்படி நூறு பிளேடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிளேடில் மட்டும் 20 கிலோ மிச்சம். இழுப்பு பாதியானதால் வட்டையும் மெல்லியதாகச் செய்யலாம். அறுந்து பறக்கும் பிளேடைத் தடுத்து நிறுத்த வேண்டிய வெளிக்கூட்டின் கனத்தையும் குறைக்கலாம். உண்மையான லாபம் இந்த இரண்டிலும்தான்.

ஆனால் இடம், எஞ்சினின் வால்பக்கம். டர்பைன் என்பது சூடான வாயு தள்ளிச் சுழற்றும் பிளேடு வரிசைகள். எரி அறையை ஒட்டிய உயர் அழுத்த டர்பைனில் வாயுவின் வெப்பம் நிக்கலின் உருகுநிலையையே தாண்டும்; உள்ளே காற்று ஓடும் ஒற்றைப்படிக நிக்கல் பிளேடுகள்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். வாயு விரிந்து வெப்பம் இறங்கிய பிறகு வரும் தாழ் அழுத்த டர்பைனின் கடைசி வரிசைகள் மட்டுமே அலுமினைடுக்குச் சொந்தம். ஜிஇ நிறுவனத்தின் ஜிஇஎன்எக்ஸ் எஞ்சினில் 2011 முதல் இது பயணிகளையும் சரக்குகளையும் சுமந்து பறந்துகொண்டிருக்கிறது. ஏர் இந்தியாவின் போயிங் 787-களில் இருப்பது அந்த எஞ்சின்தான்.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு, அதுவும் இந்தியாவிலேயே பார்த்தது. பிராட் அண்ட் விட்னியின் பிடபிள்யூ1100ஜி எஞ்சினில் தாழ் அழுத்த டர்பைனின் மூன்றாம் வரிசை பிளேடுகள், அடித்து உருவாக்கிய இன்னொரு வகை அலுமினைடு. முன்னால் இருந்து ஏதாவது துண்டு வந்து மோதினால் அவற்றால் தாங்க முடியவில்லை. பறக்கும்போதே எஞ்சின்கள் நின்ற சம்பவங்களுக்குப் பிறகு, இண்டிகோவின் ஏ320 நியோ விமானங்களில் மாற்றியமைத்த டர்பைன் கொண்ட எஞ்சின்களைப் பொருத்தும்படி 2019 நவம்பரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டது. முதலில் தந்த கெடு 2020 ஜனவரி 31, பிறகு நீட்டித்தார்கள். மாற்றிய பிளேடுகள் நிக்கல் கலவை. அதாவது எடையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு அடிதாங்கும் குணத்தை வாங்கினார்கள். ஒரே குடும்பத்துப் பொருள், இரண்டு எஞ்சின்கள், இரண்டு கதைகள். "வெப்பம் தாங்கும், எடை குறைவு" என்ற இரண்டே சொற்களில் இந்தப் பொருளை அறிமுகம் செய்யக்கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். அறை வெப்பத்தில் இதன் நீட்சி 1 முதல் 2 சதவீதம். மேசையிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்த நிக்கல் பிளேடில் ஒரு தழும்பு விழும்; இதில் முனை உதிரும், அல்லது கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு அது பெட்டிக்குள் போகும். இரண்டாவதுதான் மோசம். கோணியதைத் தட்டி நேராக்கும் பேச்சுக்கே இடமில்லை.

கோவையில் வார்ப்படத் தொழில் இருப்பதால் இதையும் வார்த்துவிடலாம் என்று கட்டுரை நம்புகிறது. கோவை ஃபவுண்டரிக்காரர்களின் கைத்திறனைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இரும்பு வார்ப்பில் உருகுநிலைக்கு மேல் 200 டிகிரி சூட்டைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு ஊற்றலாம். மெல்லிய மூலைகூட நிரம்பும். அலுமினைடு 1,500 டிகிரியை ஒட்டி உருகுகிறது. உருகிய டைட்டானியம் தொட்ட எல்லாவற்றிலிருந்தும் ஆக்சிஜனைப் பிடுங்கும். உலோகம் உருக்கும் பாத்திரமான மூசை சாதாரண சிலிக்கா, அலுமினாவால் ஆனதாக இருந்து அதில் உருக்கினால் மூசையையே தின்று, ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு, கண்ணாடி மாதிரி உடையும் பொருளாகிவிடும். அதனால் தண்ணீர் ஓடும் செம்பு மூசையில், வெற்றிடத்தில், மின்தூண்டலால் உருக்குகிறார்கள். செம்பைத் தொடும் பகுதி உறைந்து ஓடாகப் படிந்துவிடும். உருகிய உலோகம் அந்த ஓட்டுக்குள் கிடக்கும், செம்பைத் தொடாது. தூய்மை கிடைத்தது, சூடு போனது. உருகுநிலைக்கு மேல் 50 டிகிரி வைப்பதே பாடு. அச்சை முன்கூட்டியே நன்றாகச் சூடாக்க வேண்டும், சில இடங்களில் அச்சைச் சுழற்றியபடி ஊற்ற வேண்டும். மெழுகு மாதிரியின் மேல் பூசும் முதல் பூச்சு யிட்ரியாவாக (யிட்ரியம் ஆக்சைடு) இருக்க வேண்டும். வழக்கமான சிலிக்காப் பூச்சு இங்கேயும் ஆகாது.

இவ்வளவு செய்தும் உள்ளே சுருக்கத் துளைகள் இருக்கும். அழுத்த உலைக்குள் ஆர்கான் வாயுவை 1,700 வளிமண்டல அழுத்தத்தில் ஏற்றி, 1,185 டிகிரியில் மூன்று, நான்கு மணி நேரம் வைத்து நசுக்கினால் அவை மூடிக்கொள்ளும். உள்ளுக்குள் அடைபட்ட துளைதான் மூடும். மேற்பரப்பில் வாய் திறந்திருப்பதற்குள் வாயுவும் புகுந்துவிடுவதால் அது அப்படியே நிற்கும். பிறகு 1,200 டிகிரியை ஒட்டி இரண்டு மணி நேரம் வெப்பப் பதம். கடைசியில், தேவைக்கு மேல் தடிமனாக வார்த்ததைச் சுற்றிலும் செதுக்கிப் பிளேடை வெளியே எடுப்பது. ஜிஇஎன்எக்ஸ் பிளேடுகள் இப்படித்தான் தொடங்கின.

இப்போது பிரிண்டருக்கு வருவோம். அலுமினைடு பிளேடைப் பிரிண்டரில் எடுக்கிறார்கள் என்பது உண்மை. ஜிஇ9எக்ஸ் எஞ்சினுக்காக இத்தாலியில் கமேரி என்ற ஊரில் அவியோ ஏரோ என்ற நிறுவனம் செய்கிறது. அங்கே இருப்பது எலெக்ட்ரான் கற்றையால் தூளை உருக்கும் இயந்திரம். வெற்றிட அறை, ஒவ்வொரு அடுக்குத் தூளையும் உருக்குவதற்கு முன்பே தூள் பரப்பிய படுக்கை முழுவதும் 1,000 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அந்தச் சூட்டில் அலுமினைடுக்குக் கொஞ்சம் நெகிழ்வு வந்துவிடுவதால், குளிரும்போது விரிசல் விடாமல் தப்பிக்கிறது. கல்லூரிகளுக்கு விற்கப்படும் உலோகப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை லேசர் வகை. படுக்கைச் சூடு 200 டிகிரியை ஒட்டி. துருப்பிடிக்காத எஃகுக்கும் சாதாரண டைட்டானியத்துக்கும் அது போதும். அலுமினைடுத் தூளை அதில் போட்டால் அடுக்கு ஏற ஏற விரிசல் ஏறும். பாதி வேலையில் தகட்டை விட்டுப் பெயர்ந்து வந்தாலும் வியப்பில்லை. எலெக்ட்ரான் கற்றை இயந்திரத்தையே வாங்கினாலும், ஆவியாகப்போகும் அலுமினியத்தை முன்கூட்டியே கூட்டிச் சேர்த்த தூள் வேண்டும், அழுத்த உலை வேண்டும், சொரசொரப்பான மேற்பரப்பைச் செதுக்கும் ஆலை வேண்டும். பிரிண்டர் அந்த வரிசையில் ஒரு கண்ணி.

மணவாளக்குறிச்சி மணலில் டைட்டானியத் தாது இருப்பதும், கேரளத்தில் சவராவில் ஆண்டுக்கு 500 டன் டைட்டானியம் ஸ்பாஞ்ச் (தாதுவிலிருந்து முதலில் கிடைக்கும் துளைகள் நிறைந்த உலோகம்) எடுக்கும் ஆலை இருப்பதும் பெருமைக்குரியவைதான். ஆனால் ஸ்பாஞ்சுக்கும் பிளேடுக்கும் நடுவில் மேலே சொன்ன எல்லாம் இருக்கிறது.

அப்படியானால் நீலகிரிக்கு என்ன? நிறையவே இருக்கிறது என்பது எங்கள் கருத்து. பிளேடு எந்த ஊரில் உருவானாலும் அதைச் செதுக்கவும், அளக்கவும், விரிசல் பார்க்கவும் ஆள் வேண்டும். ராணுவத் தளவாடத் தொழில்களுக்காக அரசு அறிவித்த பாதுகாப்புத் தொழில் பெருவழியில் கோவை ஒரு முனை. மேட்டுப்பாளையம் இறங்கினால் வேலை. செதுக்குவது, அளப்பது, விரிசல் பார்ப்பது ஆகிய மூன்றையும் கற்றுத்தர ஒரு பிரிண்டரின் விலையில் சிறு பங்கே ஆகும்.

கிரைண்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிடிசி ரோலரின் பல்லைத் தீட்டும் பட்டறைகளில் கை பழகியவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பழகிய துருப்பிடிக்காத எஃகு, கட்டரின் முன்னால் குழைந்து இழுபடும் பொருள். அலுமினைடு அதற்கு நேர் எதிர். கட்டர் பொருளை விட்டு வெளியேறும் விளிம்பில் சில்லு பெயரும். அதனால் அந்த விளிம்புக்குப் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது வெட்டும் திசையை மாற்றி, கட்டர் தடித்த பக்கமாக வெளியேறும்படி செய்ய வேண்டும். வைஸில் இரண்டு புள்ளியில் இறுக்கினால் இறுக்கிய இடத்திலேயே உடையும். பிளேடின் வளைவுக்கு ஏற்ற தாங்கி தேவை. கிரைண்டிங் சக்கரம் மழுங்கத் தொடங்கினால் வெட்டுவதை விட்டுத் தேய்க்கும், மேற்பரப்பு சுட்டு, குளிரும்போது இழுவிசை தேங்கி, அரைத்த திசைக்குக் குறுக்கே மயிரிழை விரிசல்கள் வரிசையாக விழும். சக்கரத்தை அடிக்கடி டிரெஸ் செய்து (மழுங்கிய மேல்பரப்பைச் சீவி) கூராக்குவது, கடைசிப் பாய்ச்சலில் 0.01 அல்லது 0.02 மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதது, கூலன்ட் தாரை சக்கரமும் உலோகமும் தொடும் இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பது: இவை பழக்கமாகிவிட்டால் பாதி வித்தை வந்துவிட்டது. டைட்டானிய வேலையில் குளோரின் சேர்ந்த கூலன்டைத் தவிர்ப்பதும் அந்தப் பழக்கத்தில் அடங்கும்.

சீவல்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டைட்டானியம் சார்ந்த நுண்சீவலும் தூளும் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஹைட்ரஜன் கிளம்பி நெருப்பு வெடிக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது. உலோகத் தீக்கான உப்புத்தூள் அணைப்பான் வேண்டும், அது இல்லாத இடத்தில் முழுக்கக் காய்ந்த மணல். எங்கள் மழையில் வாசலில் கிடக்கும் வாளி மணல் எந்நாளும் காய்ந்திருக்காது. மூடிய டப்பாவில், உள்ளே வையுங்கள்.

விரிசலுக்குள் ஊடுருவும் திரவத்தைக் கொண்டு (பெனட்ரன்ட்) விரிசல் பார்க்கும் சோதனை பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம், ஏனெனில் குறைந்த முதலீட்டில் நேரடியாக வேலை தருவது இதுதான். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, 70 டிகிரிக்கு மேல் போகாத அடுப்பில் காயவைத்து, ஒளிரும் திரவத்தைப் பூசிக் காத்திருந்து, மேலே இருப்பதைக் கழுவி, மறுபடி காயவைத்து, விரிசலுக்குள் இறங்கிய திரவத்தை வெளியே இழுத்துக் காட்டும் டெவலப்பர் தூளைத் தூவி, பத்து நிமிடமாவது கழித்து, இருட்டறையில் புறஊதா விளக்கில் பார்க்க வேண்டும். சொல்லும்போது எளிது. செதுக்கிய பிறகு விரிசலின் வாயை இழுபட்ட உலோகம் மூடியிருக்கும் என்பதை மறந்தால் திரவம் உள்ளே போகாது, பிளேடு "நல்லது" என்று தேறிவிடும். அதனால் முதலில் அமிலத்தில் ஒரு மெல்லிய தோலை அரிக்க வைப்பார்கள். அந்த அமிலத்தில் ஹைட்ரோஃபுளோரிக் இருக்கும். தோலில் பட்டால் முதலில் வலிக்காமல் எலும்புவரை இறங்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பயிற்சி பெற்ற ஆளும் பக்கத்தில் இல்லாமல் அதன் புட்டியைத் திறக்கக்கூடாது. ஐடிஐ வளாகத்தில் அது வேண்டவே வேண்டாம். அரித்து முடித்த மாதிரிகளை வெளியே வாங்கிக்கொள்ளலாம். கழித்துக் கட்டும் எஞ்சின் பாகங்களை மீண்டும் பொருத்த முடியாதபடி வெட்டிச் சிதைத்தே விற்பார்கள். பயிற்சிக்கு அந்தத் துண்டுகள் தாராளம்.

மலைக்கென்று சில சங்கதிகள் உண்டு. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலையில் உறைபனி விழும். பெனட்ரன்ட் 4 டிகிரிக்குக் கீழே பயன்படாது. 4 முதல் 10 டிகிரி வரை பத்து நிமிடக் காத்திருப்பை இருபதாக்க வேண்டும், ஏனெனில் குளிர்ந்த திரவம் கெட்டியாகி விரிசலுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். கழுவும் தண்ணீரும் 10 டிகிரிக்குக் குறையக்கூடாது. குழாயிலிருந்து நேராக வருவது அந்த மாதங்களில் ஆகாது, இளஞ்சூடாக்கித்தான் பயன்படுத்த வேண்டும். குளிர்ந்த பாகத்தைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் அதன்மேல் வியர்க்கும். அந்த ஈரம் விரிசலை நிரப்பிவிட்டால் திரவத்துக்கு இடமில்லை. முந்தின நாள் இரவே பாகங்களை அறைக்குள் வைத்துவிடுவது நல்லது. விளக்கின் ஒளி 38 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 மைக்ரோவாட்டாவது இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த விளக்கின் முன் உட்காரக்கூடாது. புறஊதாவுக்கும் அது கறுக்கும். விரிசல் இருப்பது தெரிந்த மாதிரித் தகடு ஒன்றைத் தினமும் முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அளவெடுப்பில் மலைக்கு ஒரு சாதகம் இருக்கிறது. உலகம் முழுவதும் அளவறையின் வெப்பம் 20 டிகிரி. சமவெளியில் அதற்கு ஏசி இரவும் பகலும் ஓட வேண்டும். நூறு மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி சூடேறினால் 11 மைக்ரான் நீளும் என்பதால் அதை விட்டுக்கொடுக்க முடியாது. குன்னூரில் ஆண்டின் பெரும்பகுதி இயற்கையே அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இங்கே எதிரி ஈரம்தான். ஈரமுறிஞ்சி இயந்திரம் இல்லாவிட்டால் ஒரு பருவமழையில் ஸ்லிப் கேஜ்கள் (அளவு சரிபார்க்கும் எஃகுக் கட்டைகள்) துருவேறிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்மோட்டார்களின் திறன் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரம்வரைக்குத்தான் கணக்கிடப்படுகிறது. குன்னூர் 1,800-ஐயும் ஊட்டி 2,200-ஐயும் தாண்டியவை; காற்று மெலிந்திருப்பதால் மோட்டார் குளிர்வது குறையும், கம்ப்ரஸர் தள்ளும் காற்றும் குறையும். ஆர்டர் கொடுக்கும்போதே உயரத்தை எழுதிக் கொடுங்கள்.

எல்லாம் சொன்ன பிறகும் பிரிண்டர்தான் வேண்டும் என்றால், விற்பவரிடம் கேட்க மூன்று கேள்விகள்: தூள் படுக்கை எத்தனை டிகிரிவரை சூடாகும்? அச்சிட்ட பாகத்தை எந்த ஊர் அழுத்த உலைக்கு அனுப்புவது, போக்குவரத்து யார் செலவு? திறந்த தூள் டப்பாவை ஜூலை மழையில் எங்கே, எந்த வாயுவுக்குள் வைப்பது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு ஒப்பந்தப்புள்ளி கோரலாம்.

இப்படிக்கு,
உலோகவியல், தரச் சோதனைத் துறை வாசகர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.